ரிசப்ஷன்ல பூண்டு வாசம்

எங்க வீட்ல பூண்டை அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவோம். அந்த வாசம் எந்தச் சோப்புக்கும் போகாது.

காலையில நான் வேலை பாக்குற ஓட்டல் மேனேஜர், “உங்க மேல பூண்டு நாத்தம் அடிக்குது. ரிசப்ஷன்ல நிக்காதீங்க, கெஸ்ட் மூஞ்சியச் சுளிப்பாங்க”ன்னாரு.

ஸ்டோர் ரூம்ல போர்வை மடிச்சேன்.

மத்தியானம் போர்வையத் தூக்கிட்டு ரிசப்ஷன் பக்கம் வந்தா, மேசையில ரிப்பன் கட்டுன கூடை. உள்ள எங்கப்பா ஓட்டலுக்கு வித்த பூண்டு.

சென்னைக்கார அம்மா ஒருத்தங்க எடுத்து மோந்து பாத்து, “ஆஹா, என்ன வாசம்!”னாங்க.

மேனேஜர் பெருமையா, “நம்ம பள்ளங்கி ஊர்ப் பூண்டு மேடம், வீட்டுல புகை போட்டது”ன்னாரு.

அந்தம்மா என்னையப் பாத்து, “இந்த ஊர்ல நீங்கல்லாம் எவ்ளோ சந்தோஷமா இருப்பீங்க!”ன்னாங்க.

மேனேஜர் கண்ணாலயே சிரிக்கச் சொன்னாரு. சிரிச்சேன்.

நாளைக்கு நானும் ரிப்பன் கட்டிட்டுப் போறேன், ரிசப்ஷன்ல நிக்க விடுறாரான்னு பாப்போம். எந்தக் கலர் எடுப்பா இருக்கும், சொல்லுங்க.