தவநாயகியின் தோள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் தவநாயகிக்கு எங்கும் எப்போதும் ஒதுங்குவதே பிழைப்பு. ரயிலில் பெரிய பையோடு ஏறுபவனுக்கு ஒதுங்குவாள். கலியாண மண்டபத்தில் வீடியோக்காரனுக்கு ஒதுங்குவாள். கடையில் வாடிக்கையாளர் முழங்கையால் தள்ளினாலும் சேலையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அகதியாக வந்திறங்கிய நாட்களில் பழகியது. அதே கடையில் கூட வேலை செய்யும் சிநேகிதியான எனக்குப் பார்க்க ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

முழங்கால் வலிக்குத் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி பழகும்படி டொக்டர் சொன்னார். துணைக்கு நானும் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் ஒரு தேவாலய மண்டபத்தில், கதிரையில் உட்கார்ந்தபடியே கையை அசைக்கும் வகுப்பு. தூக்கம்தான் வந்தது. அது முடிந்ததும் அதே மண்டபத்தில் தாய்ச்சியிலேயே ஆளோடு ஆள் மோதிப் பழகுகிற வகுப்பு தொடங்கும். ஒருநாள் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்த தவநாயகி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அவர்கள் பழகியது தோளடி. சீனர்கள் ‘காவோ’ என்கிறார்கள். சாய்தல் என்று அர்த்தமாம். கையை நீட்டவே இடமில்லாத நெருக்கத்தில், எதிராளியின் கால்களுக்கு நடுவில் ஒரு காலை வைத்து, உடம்பைத் தாழ்த்தி, தோளால் நெஞ்சில் இடிப்பது. பலம் குதிக்காலில் தொடங்கி இடுப்பு வழியாக ஏறும்.

“பாத்தனியே?” என்றாள் என்னிடம். “கிட்ட வந்தால் ஒதுங்கிறேல்லை. இன்னும் உள்ளுக்கை போறது. எனக்கு இதுதான் வேணும்.”

வீட்டில் அவளுடைய கணவர் அம்பலவாணன் பேப்பரை மடித்து வைத்தார். “இந்த வயசிலை உனக்கென்ன சண்டை?”

“சண்டை இல்லாமல் போன வயசு எது எண்டு சொல்லுங்கோவன்.”

அவர் பேப்பரை மறுபடி விரித்தார்.

வகுப்பு நடத்தும் ஜெராட், மன்னார்ப் பக்கத்துப் பெடியன், ஒரு மாதம் பழகிப் பார்க்கச் சொன்னான். கடைசி ஞாயிறு, எதிரில் நிற்பவரைத் தோளால் நகர்த்த வேண்டும். முடியாவிட்டால் பழையபடி கதிரை. அவளுக்குச் சோடியாக வந்தவர் சந்திரகுமார். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து லொறி ஓட்டுபவர். கதவளவு ஆள்.

முதல் நாளே சங்கடம் வந்தது. தவநாயகியின் கால் உள்ளே போனது, அவருடைய பாதத்தில் பட்டது. பட்ட கணமே அவள் குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம்மவர்களுக்குக் கால் பட்டால் கை தானாகப் போகுமே! இடிக்க வேண்டிய தோள் எங்கோ போக, வெள்ளைக்காரர்கள் முழிக்க, சந்திரகுமார் பதறிப்போனார். “ஐயோ அக்கா, என்னை ஏன் கும்பிடுறியள்?” சிரிப்பை அடக்க முடியாமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும்.

“அன்ரி, இந்தப் பழக்கத்தை விடுங்கோ,” என்றான் ஜெராட். “இல்லாட்டி கதிரை கிளாஸ்தான் உங்களுக்கு சேஃப்.”

“கதிரைக்குப் போகமாட்டன். பழக்கத்தையும் விடமாட்டன்,” என்றாள் தவநாயகி. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

பிறகு அவள் தோளிடம் புடவைக் கட்டுகள் பாடுபட்டன. கடையின் பின்னறையில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் தொம் தொம் என்று சத்தம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கடைசி ஞாயிறு சந்திரகுமார் கால்களை அகட்டி ஊன்றி நின்றார். தவநாயகியின் கால் உள்ளே போனது. அவருடைய பாதத்தில் பட்டது. அவள் கை ஒருமுறை கீழே போகப் பார்த்ததை நான் கண்டேன். ஆனால் குனியவில்லை. இடுப்பு இறங்கியது, தோள் ஏறியது. மனிதர் பின்னால் தடுமாறிப் போய் அடுக்கி வைத்திருந்த பாய்களின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மண்டபம் கைதட்டியது. அவள் நிதானமாக அவரிடம் போனாள். குனிந்து தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜெராட் தலையில் கை வைத்தான். “அன்ரி, வெண்டிட்டியள்! பிறகேன் இன்னும் மன்னிப்புக் கேக்கிறியள்?”

தவநாயகி நிமிர்ந்தாள்.

“கால் பட்டதுக்குக் கேட்டனான். தோள் பட்டதுக்கு இல்லை.”