தீவு கேட்டு வந்தவர்கள்

டூர் புக்கிங் ஆபீசுக்கு ஜோடியாக வந்து உட்காருகிறவர்களில் ஒருவர் தீவைப் பற்றிக் கேட்பார். இன்னொருவர் அங்கே போகாமல் தப்பிக்க வழி உண்டா என்று முகத்தாலேயே கேட்பார். எங்கள் ஆபீஸ் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நானும் ஜெயந்தியும் மட்டும்தான். ரயில், விமான டிக்கெட்டை அவள் பார்த்துக்கொள்வாள். எங்கே போவது, எங்கே தங்குவது என்கிற பஞ்சாயத்தெல்லாம் என் மேஜைக்கு வரும்.

கோயில் டூர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் கொஞ்ச காலமாக, செல்போனில் ஒரு படத்தை நீட்டிக்கொண்டே படியேறி வருகிறவர்கள் தீவு கேட்கிறார்கள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை மரம், எல்லாம் வேண்டும். செலவு மட்டும் ஊட்டிக்குப் போய் வருகிற அளவுக்குள் அடங்க வேண்டும். கணவனோடோ மனைவியோடோ உட்கார்ந்து லீவுக்கு இடம் தேடியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நீங்கள் எப்போதாவது படுகிற பாட்டை நான் தினமும் சம்பளத்துக்குப் படுகிறேன்.

தண்ணிக்கு மேல வூடு

கார்த்தி ஒரு செராமிக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கல்யாணமான புதுசு. மனைவி சங்கீதாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர், உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். மாலத்தீவு. கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கிற மரவீடுகள். படுக்கையில் இருந்து இறங்கினால் நேராகக் கடல். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாராம். "உங்க பட்ஜெட்டுக்கு அந்த வீட்டுல ஒரு ராத்திரிதான் தாங்கும், மத்த நாளெல்லாம் உள்ளூர் லாட்ஜ்லதான்" என்றேன். "அந்த ஒரு ராத்திரி போதும் மேடம்" என்றார். ஆசையாகக் கேட்கிற ஆளைப் பார்த்தால் எனக்கும் உற்சாகம் வந்துவிடும். ரூம், விமானம் என்று மடமடவென்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

சங்கீதா துப்பட்டா முனையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். "உனக்குப் பிடிச்சிருக்குதாம்மா?" என்றேன். கணவரைப் பார்த்தாள். "அவரு ஆசைப்பட்டாரு" என்றாள். "நீ?" என்றேன். திட்டக்குடிப் பக்கத்தில் ஏரிக்கரை ஓரத்து ஊர் அவளுக்கு. கார்த்தி திரும்பி, "புடிக்கலைன்னா சொல்லு சங்கீ, எதுக்கு மென்னு முழுங்கற?" என்றார், கோபமில்லாமல். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"மழைக்காலம் வந்தா தண்ணி வூட்டுக்குள்ள வந்துடுமோன்னு முழிச்சிக்கிட்டே வளந்தவ நானு. காசு குடுத்துத் தண்ணி மேலயே போயி படுக்கணுமாக்கா?"

எந்தக் கேசு?

திட்டக்குடி தாலுகா மங்களூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். மகன்கள் சிங்கப்பூரில். அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது விமானத்தில் போகட்டும் என்று அங்கிருந்தே என்னிடம் பேசி அந்தமானுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். டிக்கெட் வாங்க இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மா புதுச் செருப்பே வாங்கிவிட்டார். சூட்கேஸ் பெரிசா சின்னதா என்று ஜெயந்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் மட்டும் டிக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தமானுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, செரி. எந்தக் கேசுலன்னு சொன்னீங்கன்னா ஊர்ல சொல்றதுக்குச் சவுரியமா இருக்கும்."

போலீஸ் தேடி வந்த ஜோடி

நல்லூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற சரவணனும் அவர் மனைவி டீச்சர் கவிதாவும் லட்சத்தீவு கேட்டார்கள். அங்கே போக அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும், வீட்டுக்கு விசாரிக்க ஆள் வரலாம் என்று நான் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் இருக்கிற சரவணனின் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவர் கடைக்கும் இவர் ஸ்கூலுக்கும் போயிருந்த ஒரு பகல் பொழுதில் போலீஸ்காரர் பைக்கில் வந்து இறங்கினார். "சரவணன், கவிதா இங்கதான இருக்காங்க?" அந்த அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லையாம். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை, இந்தத் தெருவிலேயே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பிறகு கொல்லைப் பக்கமாக ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போன் வாங்கி, முதலில் கூப்பிட்டது மகனை அல்ல, மருமகளை. "ஸ்கூல்லயே இருடி, வூட்டுப் பக்கம் வராத." கவிதா பதறிப்போய் விஷயத்தைக் கேட்டு, சிரிப்பதா அழுவதா தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நின்றாராம்.

அப்புறம் ஸ்டேஷனுக்கு நேரில் போய் விளக்கம் சொல்லி, சான்றிதழ் வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அனுமதி கிடைத்த அன்றைக்கு மூன்று பேருமாக ஆபீசுக்கு வந்தார்கள். அந்த அம்மா வந்தது என்னைத் திட்டுவதற்கு. நாலு வார்த்தை திட்டி முடித்ததும் நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கும் மருமகளுக்கும் ஆகவே ஆகாதுன்னு உங்க பையன் சொன்னாரே, அப்புறம் ஏம்மா அவங்களுக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். கவிதா குனிந்துகொண்டார். அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எம் மருமவகூட நான் ஆயிரம் சண்டை போடுவேன். அதுக்காவ போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவனா?"

திதி குடுக்கிற ஊரு

மணிகண்டன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி ரேவதி பொம்மைக்குக் கண்ணும் வாயும் வரைகிற வேலைக்குப் போகிறாள். கல்யாணமான கையோடு அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டதால் எங்கேயும் போகவில்லை. அவர் தேறி வந்து, இரண்டு வீட்டிலும் பாக்கி வேலையெல்லாம் முடிந்ததும், "இப்பவாவது ஒரு தீவுக்குப் போவணும்" என்று ரேவதி ஒற்றைக் காலில் நின்றாள். மணிகண்டன் பட்ஜெட்டைச் சொன்னதும் எனக்கே சங்கடமாகிவிட்டது. அந்தமானுக்கு விமானத்தில் ஒரு ஆள் போகலாம், திரும்பி வர முடியாது. சொல்லவும் மனசில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. "ராமேஸ்வரம் போங்களேன். சுத்திலும் கடல். நம்ம ஜங்ஷன்லயே ரயில் ஏறலாம், கடலைத் தாண்டிப் போய் இறங்கலாம். அதுவும் தீவுதான?"

ரேவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தேனிலவுக்குப் போறவங்கள திதி குடுக்குற ஊருக்கு அனுப்பறீங்களே, நல்லா இருக்குதா?" என்றாள். மணிகண்டன் தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டாம், தள்ளிக் கடலோரமாக மீனவர் குடும்பம் ஒன்று வாடகைக்கு விடுகிற அறை இருக்கிறது, படியிறங்கினால் மணல், தனுஷ்கோடி வரைக்கும் ரோடு போகிறது, இரண்டு பக்கமும் கடல் என்று படம் காட்டினேன். அரை மனசோடு போனார்கள். போகும்போது ரேவதி என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

போன பிறகு எனக்கு நிம்மதியில்லை. சாமான்யப்பட்டவர்களுக்கு இருக்கிற ஒரே ஒரு டூரை நான் கெடுத்துவிட்டேனோ என்று ஜெயந்தியிடம் புலம்பினேன். திரும்பி வந்த மறுநாள் ரேவதி மட்டும் மாடியேறி வந்தாள். வெயிலில் மூக்கு நுனி கறுத்திருந்தது. ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"கோயில் பக்கம் போவவே இல்லக்கா, நேரமே கெடைக்கல. எங்க மாமியாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தமிழாளு இல்லாத தீவு

வழக்கமாக எல்லோரும் கேட்பது, "அங்க தமிழாளுங்க இருக்காங்களா, இட்லி கெடைக்குமா?" என்றுதான். ஸ்டெல்லா தலைகீழாகக் கேட்டார். "தமிழாளுங்களே இல்லாத தீவா பாத்துச் சொல்லுங்க மேடம்." அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் ஆல்பர்ட் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாக, "ஏன், நம்ம ஆளுங்க மேல அவ்ளோ கோவமா?" என்று கேட்டேன். ஸ்டெல்லா சாதாரணமாகத்தான் சொன்னார். குழந்தை பிறந்து சில நாளில் போய்விட்டதாம். அதற்குப் பிறகு இன்னொன்று தங்கவில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் சர்ச் வாசலில் கேட்கிறார்கள்; பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் கேட்கிறார்கள்; ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்கிற நோயாளிகூடக் கேட்கிறார். "புள்ளைங்க எத்தினி?" அந்தக் கேள்வி தமிழில் காதில் விழாத ஒரு வாரம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

எனக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தெரிந்தது. அந்தமானில் போர்ட் பிளேர் வேண்டாம், அங்கே தமிழ்க்கடை நிறைய. நீல் தீவு என்று ஒரு சின்னத் தீவு, வயலும் கடற்கரையுமாக இருக்கும், பெங்காலிக்காரர்கள்தான் அதிகம் என்று அங்கே குடும்பமாக நடத்துகிற ஒரு லாட்ஜில் அறை போட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று ஆல்பர்ட் போன் செய்தார். லாட்ஜில் சமைக்கிற அம்மா விழுப்புரத்துக்காரர்! உடனே வேறு லாட்ஜ் மாற்றித் தருகிறேன் என்றேன். "பாப்போம் மேடம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனே இல்லை.

ஊருக்கு வந்த பிறகு ஸ்டெல்லா டூட்டி முடிந்து யூனிபார்மோடு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தச் சமையல்கார அம்மாவோடு உட்கார்ந்து தினமும் மீன் கழுவிக் கொடுத்தாராம், பேசிப் பேசி நேரம் போனதே தெரியவில்லையாம். "என்ன பேசுனீங்க?" என்று கேட்டேன். ஸ்டெல்லா சொன்னார்:

"அவங்க 'சாப்டியா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியா'ன்னு மட்டும்தான் மேடம் கேட்டாங்க. மத்ததெல்லாம் நானேதான் சொன்னேன்."

மழை சீசன் மலிவு

பழனிக்குச் சூளையில் வேலை. பீங்கான் வேகிற சூளையை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, ராத்திரியிலும் ஆள் நின்றாக வேண்டும். அந்த ராத்திரி ஆள்தான் பழனி. மனைவி தனலட்சுமி காலையில் டெய்லரிங் யூனிட்டுக்குப் போய்விடுவார். அவர் உள்ளே வரும்போது இவர் டிபன் பாக்ஸோடு வெளியே போய்க்கொண்டிருப்பார். கம்பெனியில் சூளை மராமத்து என்று லீவு விட்டதும் இரண்டு பேரும் வந்தார்கள். மராமத்து நடப்பது அந்தமானில் மழை பெய்கிற சீசனில். அங்கே அறை வாடகையெல்லாம் பாதியாக விழுந்து கிடக்கிற நேரம். "மலிவா கிடைக்குது, ஆனா மழை பெய்யும்" என்று சொன்னேன். "நம்ம ஊர்ல பேயாத மழை அங்கயாச்சும் பேயட்டும்" என்று தனலட்சுமி சிரித்தார்.

பெய்தது. போய் இறங்கிய நாளிலிருந்து விடாமல் பெய்தது. ஹேவ்லாக் தீவுக்குப் போகிற கப்பல் ரத்து. அடுத்த நாளும் ரத்து. பவளப் பாறை இல்லை, கண்ணாடிப் படகு இல்லை, வெள்ளை மணல் இல்லை. போர்ட் பிளேரில் ஒரு லாட்ஜ் அறை, ஒரு ஜன்னல், எதிரே தகரக் கூரை. இரண்டு பேரும் கடலில் காலே நனைக்காமல் திரும்பினார்கள். கப்பல் காசைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டு, திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, டூர் கெட்டால் மழையை யாரும் திட்டுவதில்லை.

அவர்கள் வந்தார்கள். பழனி தெளிந்த முகத்தோடு இருந்தார். எப்போதும் சிவந்திருக்கிற கண் வெளுத்திருந்தது. நான் கப்பல் காசை நீட்டி, "மன்னிச்சுக்குங்க, ஒண்ணுமே பாக்க முடியாம போயிடுச்சு" என்றேன். தனலட்சுமி ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் வெட்கப்பட்டு, கீழே டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார். அவர் காலடிச் சத்தம் அடங்கிய பிறகு தனலட்சுமி சொன்னார்:

"கல்யாணமானதுல இருந்து ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கி ஒரே நேரத்துல எழுந்தது அங்கதான் மேடம். இன்னும் ரெண்டு நாளு மழை பேஞ்சிருக்கலாம்."

வெளியே போர்டில் 'தீவுச் சுற்றுலா ஏற்பாடு செய்து தரப்படும்' என்று நானே எழுதி மாட்டியிருந்தாலும், என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற ஜோடிகள் உண்மையில் எங்கே போய் இறங்கினார்கள் என்பதை அவர்கள் திரும்பி வந்து சொன்னால்தான் நான் தெரிந்துகொள்கிறேன்.