ஒன்றாம் நம்பர் சத்தம்

இந்த ஆம்பின், அதாவது கிட்டார் ஆம்ப்ளிஃபயரின், கைப்பிடியிலிருந்து தொடங்குகிறேன். கிட்டார் சாமான்களை விமர்சிக்கிறவர்கள் யாரும் கைப்பிடியில் தொடங்க மாட்டார்கள். சத்தத்தில் தொடங்கிச் சத்தத்திலேயே முடிப்பார்கள். என் யூடியூப் சேனலில் நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஆனால் இந்தக் கைப்பிடியைப் பிடித்து நான் ஒரு ஆளை அடித்திருக்கிறேன். அவனுடைய காறையெலும்பு முறிந்தது. கைப்பிடியில் ஒரு திருகாணிகூடத் தளரவில்லை. இப்படி ஒரு பரிசோதனையை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், வயல்களுக்கு நடுவில். வாரநாட்களில் கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார். மற்ற நேரமெல்லாம் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒரு பெடலையோ ஆம்பையோ திட்டிக்கொண்டிருப்பேன். நான் பாராட்டுவது அபூர்வம். அதனாலேயே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். சென்னையில் ஒரு கடைக்காரர், வாயால் கெட்டாலும் காதால் கெடாதவன் நான் என்று சொல்லி, புதிதாக வரும் சாமான்களை எனக்கு அனுப்பிவைப்பார். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதுவும் அப்படித்தான் வந்தது. இரண்டு செங்கலை அடுக்கிவைத்த அளவில் ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கச் சல்லடை வழியாக உள்ளே கண்ணாடி ட்யூப்கள் சிவந்து எரிவது தெரியும். ஸ்பீக்கர் தனிப் பெட்டி, இதை அதன் தலைமேல் உட்காரவைக்க வேண்டும். ட்யூப் ஆம்புகளுக்குப் பொதுவாக ஞாபகசக்தி கிடையாது. பாட்டுக்குப் பாட்டு குமிழ்களைத் திருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது திருகிவைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். காலடியில் ஒரு பெடல் பலகை. ஒன்றை மிதித்தால் ஒரு சத்தம், இரண்டை மிதித்தால் வேறு சத்தம். ஒன்றாம் நம்பரில் நான் வைத்தது முழுக் கோபம். கதவு ஜன்னலெல்லாம் அதிரும். இரண்டு, பாட்டுக்குப் பின்னால் வாசிக்கும் மெல்லிசை. மூன்று, மௌனம். சுத்தமாக ஒன்றும் கேட்காது.

அப்பா குனிந்து சல்லடைக்குள் பார்த்தார்.

"வால்வா இது?"

"ஆமாப்பா."

"சூடேறினாத்தான் பாடும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரிய தெருவில் ஒரு வீட்டில் வால்வு ரேடியோ இருந்ததாம். சிறுவயதில் அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளப் போகும்போது, கொல்லைப்புற ஜன்னலுக்கு அடியில் நின்று கேட்பாராம். ஒருநாள் பாட்டு பிடித்துப்போய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டார். புளிய விளாறால் அடித்திருக்கிறார்கள். முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குளிக்கும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வைக்கோல் போரிலிருந்து விழுந்த காயம் என்றுதான் இதுவரை சொல்லிவந்தார்.

"எந்த வீடு?" என்றேன்.

"எதுக்கு? போய்ச் சண்டை போடவா? போய் வேலையப் பாரு."

எனக்கு மூக்கு மேல் கோபம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதா கோயில் திருவிழாவில் தேர் எங்கள் தெருவில் கிளம்பும். பின்னாலேயே டிராக்டர் டிரெய்லரில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், பாடுகிறவர்கள். ரைஸ்மில் முக்கில் திரும்பினால் பெரிய தெரு. அந்த முக்கு வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிட வேண்டும். பாட்டு நின்றுவிடும், தேரின் சீரியல் விளக்கும் அணைந்துவிடும். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டைக் கடப்பதுபோல அந்தத் தெருவைக் கடந்து, வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் மறுபடி ஜெனரேட்டரைப் போடலாம். எழுதிவைத்த சட்டம் இல்லை. வருஷா வருஷம் தாசில்தார் ஆபீசில் அமைதிக் கூட்டம் போட்டு, போன வருஷம் போலவே என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு வருவார்கள்.

பாடுவது என் அக்கா. கும்பகோணத்தில் பள்ளிக்கூட டீச்சர். முக்கு வரும்போது எப்போதும் அவள் இரண்டாவது சரணத்தில்தான் இருப்பாள். தேரின் வேகமும் பாட்டின் நீளமும் அப்படி அமைந்துவிட்டன. மாதாவுக்கு அவளே எழுதிய பாட்டு அது. அந்தச் சரணத்தின் கடைசி வரிகளைத் திருவிழாவில் யாரும் கேட்டதே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் வாய் திறந்திருக்கும்போதே மைக் செத்துப்போகும். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

இந்த ஆம்ப் வந்த வருஷம் நான் ஒரு யோசனை சொன்னேன். ஜெனரேட்டரை நிறுத்த வேண்டாம், ட்யூப் சூடாக இருக்கும்போது திடீரென்று கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டால் ஆயுசு குறையும், அதுவோ கடைக்காரர் சாமான். முக்கு வந்ததும் பெடலில் மூன்றை மிதித்துவிடுகிறேன், கிட்டார் மௌனமாகிவிடும். அக்கா மைக்கைக் கீழே இறக்கிக்கொள்வாள். சத்தம் வராது, ஆனால் விளக்கு எரியும். ஊர்வலத்தை முழுதாகப் படம்பிடித்து ரிவ்யூவிலும் போடலாம் என்று எனக்கு ஆசை. உலகத்திலேயே ஒரு ஆம்பின் நலனுக்காகச் சாதி வழக்கத்தில் கைவைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"வெளக்கு எரியும்ல?" என்று அக்கா கேட்டாள். "இருட்டுல தள்ளிட்டுப் போக வேணாம்ல?"

"வேணாம்."

"அப்ப சரி."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நிறுத்திடுடா. நிறுத்துறதுதான் வழக்கம். அவனுவ சத்தத்த மட்டும் நிறுத்தச் சொல்லல" என்றார். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம். முக்கு வந்தது, மூன்றை மிதித்தேன். அக்கா இரண்டாவது சரணத்தின் நடுவில் நிறுத்தி மைக்கை இறக்கினாள். தேர் பளிச்சென்று எரிந்துகொண்டே பெரிய தெருவுக்குள் நுழைந்தது. வாசல்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். எங்கள் முகங்கள் அந்தத் தெருவில் வெளிச்சத்தில் தெரிந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கிட்டார் கழுத்தில் தொங்க, இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் டிரெய்லரின் சக்கரம் இறங்கியது. ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி, விளக்கெல்லாம் அணைந்து திரும்ப எரிந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். இந்த ஆம்பின் குறையை இங்கே சொல்ல வேண்டும்: கரண்ட் போய்த் திரும்பினால், கடைசியாக எங்கே இருந்தோம் என்பதை அது மறந்துவிடும். ஒன்றாம் நம்பரில்தான் கண் விழிக்கும். சும்மா தொங்கிய கிட்டாரின் கம்பிகள் ஸ்பீக்கருக்கு நேராக இருந்தன. ட்யூப்கள் சூடாகவே இருந்தன. முதலில் ஒரு முனகல். பிறகு அது தன்னைத்தானே தின்று வளர்ந்து, அந்தத் தெரு முழுக்க ஒரு ஊளையாக நிறைந்தது. நாய்கள் ஓடின. ஓட்டுச் சரிவிலிருந்து புறாக்கள் கிளம்பின. நான் போனைப் போட்டுவிட்டுக் கம்பிகளை அமுக்கி, மூன்றை மிதித்தேன்.

மறுபடியும் மௌனம். ஆனால் அது பழைய மௌனம் இல்லை.

யாரோ "நிறுத்துங்கடா" என்றார்கள். நின்றுதான் விட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா மைக்கைத் தூக்கினாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து, சரணத்தின் நடுவிலிருந்து, பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் முதல் கல் ஜெனரேட்டரில் பட்டது. அடுத்தது தேரின் கண்ணாடியில். அவள் நிறுத்தவில்லை. பந்தல் போடுகிற சவுக்குக் கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவன் டிரெய்லரில் ஏறினான். எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். என் சேனலைப் பார்க்கிறவன், போன வீடியோவுக்குக் கீழே கைதட்டும் படம் போட்டிருந்தான். கட்டையை இரண்டு கையாலும் வீசி அக்காவின் வாயிலேயே அடித்தான். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் அந்த அடி ஸ்பீக்கரில் கேட்டது. பல் உடைகிற சத்தத்தை ஊரே கேட்டது.

ஆம்பை ஒயரோடு பிடுங்கினேன். கைப்பிடி கைக்கு அடக்கமாக இருந்தது. அவன் திரும்புவதற்குள் தோளில் இறக்கினேன். ஏதோ முறிந்தது எனக்குக் கையில் தெரிந்தது. இரண்டாவது முறை ஓங்கியபோது இரும்பின் அடிப்பாகம் என் முன்கையில் பட்டுத் தோல் பொசுங்கியது, அதுவும் அப்போது வலிக்கவில்லை. பின்னாலிருந்து என்னை இழுத்துக் கீழே போட்டார்கள். செருப்புக் கால்கள், வெறுங்கால்கள், ஒரு சைக்கிள் செயின். பெண்கள் மெழுகுவர்த்திகளைப் போட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஓடினார்கள். அப்பா என் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். எனக்கு விழ வேண்டிய அடியெல்லாம் அந்த முதுகில் விழுந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எனக்குத்தான் கத்த வேண்டும் போல இருந்தது, மூச்சு வரவில்லை.

வருத்தமா என்று பின்னால் பலர் கேட்டார்கள். வருத்தம்தான். ஒரு எலும்பு போதவில்லை என்று வருத்தம்.

இரண்டு பக்கமும் கேஸ் போட்டார்கள். நாங்கள் மாதா கோயில்காரர்கள், கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் சேர மாட்டார்கள், அதனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா அடிதடி வழக்கு. நான் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தேன். போலீஸ் எழுதியதில் என் ஆம்புக்குப் பெயர் 'இரும்புப் பெட்டி போன்ற ஆயுதம்'. எழுதிக்கொண்டிருந்த காவலரிடம் அது கிட்டாருக்கானது என்று விளக்கப் பார்த்தேன். ரொம்பப் பேசாதே என்றார். அக்காவுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டன. கட்டிய பல்லோடு பள்ளிக்கூடம் போனாள். 'ச' வரும் இடத்தில் லேசாகக் காற்று போகும். பிள்ளைகள் சிரித்தால், சிரிச்சு முடிங்க, அப்புறம் பாடம் நடத்துறேன் என்று காத்திருப்பாளாம்.

அடுத்த அமைதிக் கூட்டத்தில் பெரிய மனசோடு ஒரு தீர்வு சொன்னார்கள். இரண்டு தரப்பும் கோர்ட்டில் சமாதானமாகப் போய்விட வேண்டும். தேர் இனிமேல் பெரிய தெருவுக்கே வர வேண்டாம். முக்கில் திரும்பாமல் நேராக வாய்க்கால் கரையோடு போகலாம். அங்கே எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் ஆட்சேபனை இல்லை. எங்கள் பக்கத்திலும் சம்மதித்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட் போட்டிருந்தவர்கள், எல்லோர் மேலும் வழக்கு இருந்தது. இருட்டில் தள்ளிக்கொண்டாவது போய்க்கொண்டிருந்த தெரு, இப்போது அதுவும் இல்லை. அப்பா அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் புரிந்தது: அவர்களுக்கு நிறுத்த வேண்டியிருந்தது சத்தத்தை மட்டும் அல்ல, எங்களை.

வழக்கு முடிந்து ஆம்ப் திரும்பி வந்தது, கைப்பிடியில் நூலால் கட்டிய கோர்ட் அட்டையோடு. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது, சல்லடையில் காய்ந்த ரத்தம். இதை நான் யாருக்கு விற்பது, நீயே வைத்துக்கொள் என்றார். போட்டுப் பார்த்தேன். ட்யூப்கள் எரிந்தன. நான் வைத்த மூன்று சத்தங்களும் அப்படியே இருந்தன. ஆகவே என் தீர்ப்பு: நல்ல ஆம்ப்.

இந்த வருஷத் திருவிழாவில் தேர் முக்கில் திரும்பவில்லை. கரையில் ஏறி நின்றது. சம்பா நடவு முடிந்து வயல் முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பெரிய தெருவின் கொல்லைப்புறங்கள், ஜன்னல்களில் விளக்கு. அக்கா மைக்கை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள்.

"இங்கேருந்து அங்க கேக்குமா?"

"தண்ணி மேல நல்லாக் கேக்கும்."

"எந்த நம்பர்ல வச்சிருக்க?"

"ரெண்டு."

"ஒண்ணுல வை" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா டிரெய்லரில் ஏறினார். இவ்வளவு காலமும் நிறுத்து நிறுத்து என்று சொல்லிவந்த மனுஷன், ஜெனரேட்டரை அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி அந்த ஜன்னல்களை நோக்கித் திருப்பி வைத்தோம். அவர் தள்ளி நின்று பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அந்த ரேடியோ வீடு இன்னும் கொஞ்சம் மேக்கால. திருப்பு" என்றார்.