பலராமன் திறக்காத பை

பலராமன் எதையும் நம்பமாட்டார். குழம்பில் உப்பு போட்டாச்சு என்று பெண்டாட்டி சொன்னாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றில் ஊற்றிக்கொள்வார். இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்து வாட்ச்மேன் வேலை கொடுத்த முதலாளியைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. பித்தளைக் குழாய் செய்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையை, தூக்குச்சட்டியை, சுருட்டி வைத்த லுங்கியை எல்லாம் கேட்டில் பிரித்துப் பார்ப்பது பலராமனின் வேலை. ஒரு துண்டுப் பித்தளை வெளியே போனால் உன் வேலையும் அதன் கூடவே போகும் என்று சூப்பர்வைசர் நடேசன் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் மிச்சம் வைத்த சோற்றைக்கூட பலராமன் விரலால் கிளறுவார். லேத்து ஓட்டுகிற ஜீவானந்தத்தின் சாம்பார் சாதத்துக்குள் ஒரு தடவை குழாய்த் திருகு கிடைத்ததிலிருந்து கிளறல் இன்னும் ஆழமாகப் போனது.

1991ஆம் வருஷம் அது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு இந்தப் பக்கம் முழுக்க ஆளை ஆள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸை நிறுத்திக் கூடையைத் திறக்கச் சொன்னார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சித்தப்பா பேர் வரைக்கும் விசாரித்தார்கள். உலகத்துக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று பலராமனுக்கு உள்ளுக்குள் திருப்தி. இனிமேல் உள்ளே வருகிற பையையும் பார்க்கணும் என்று நடேசன் உத்தரவு போட்டபோது, அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கேட்டில் சோதனை இல்லாமல் போய் வந்த உயிர் ஒன்றே ஒன்று. சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கிடக்கிறது என்பதால் அதற்கு ஓ.டி. என்று பேர் வைத்திருந்தார்கள். பலராமனின் ஸ்டூலுக்கு அடியில்தான் தூங்கும். மீன் கொண்டுவரும் நாளில் பாதி மீன் கைதவறிக் கீழே விழும். யாராவது பார்த்துவிட்டால், "எலி புடிக்குதேன்னு வெச்சிகினு கீறேன்" என்பார். கம்பெனியில் எலி கிடையாது. பித்தளையை எலி தின்னாது.

ஒரு நாள் ஓ.டி. நொண்டிக்கொண்டு வந்தது. வலது பின்தொடையில் வீக்கம். தொட்டால் சீறியது.

'எவனோ அடித்திருக்கிறான்' என்று பலராமன் முடிவு கட்டினார். தன்மேல் இருக்கிற காண்டை அதன்மேல் காட்டியிருக்கிறான். காயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைத் தேடப் புறப்பட்டார். முதலில் ஜீவானந்தம்.

"பூனைய நானா அட்ச்சேன்? ஒன்ன அடிக்கவே எனக்கு டைம் கெடைக்கல, போண்ணா" என்றான் அவன்.

பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

டாக்டரிடம் காட்டலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் முதலாளி வீட்டு நாய்க்கு மெட்ராஸிலிருந்து டாக்டர் காரில் வந்து இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். அந்த டாக்டர் வாங்கிக்கொண்டு போனது பலராமனின் ஒரு மாதச் சம்பளம் என்று டிரைவர் சொன்னான். பூனை சின்னதாயிற்றே என்று அந்த ஆள் குறைத்துக்கொள்வானா என்ன? மருந்துக் கடையில் கேட்டால், "காய்ச்சல் மாத்திர தரேன், பாதி ஒட்ச்சி குடு. மனுசனுக்குக் கேக்குது, பூனைக்குக் கேக்காதா?" என்றான் கடைக்காரன். விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறான் என்று நினைத்து, மாத்திரையைச் சட்டைப் பையிலேயே போட்டு வைத்தார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. வீக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. ஓ.டி. மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஸ்டூலுக்கு அடியில் அதையே காணோம்.

மறுநாள் காலை, பேக்கிங்கில் வேலை செய்கிற மதிவதனி கேட்டுக்குள் வந்தாள். வடக்குப்பட்டுப் பெண். பையில் பஞ்சு, ஒரு பாட்டில், மடித்த பழைய துணி.

"இன்னா இது?"

"பஞ்சுண்ணா."

"அது தெரியுது. பாட்டில்ல?"

"உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணி இன்னாத்துக்கும்மே கம்பெனிக்குள்ள?"

"குதிகால் வெடிப்பு."

பலராமன் அவள் குதிகாலைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார், சூடு. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார், உப்பு. உண்மையைச் சொல்லிப் பொய்யை மறைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு உள்ளே விட்டார். டீ நேரத்தில் பின்னாலேயே போனார்.

கழிவுப் பித்தளை போடுகிற டிரம்களுக்குப் பின்னால் அவள் குந்தியிருந்தாள். மடியில் கோணிச் சாக்கு. சாக்கிலிருந்து ஓ.டி.யின் தலை மட்டும் தெரிந்தது. தொடைப் பக்கம் பஞ்சால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம் பலராமன் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"அட்ச்சது நீதானா? அட்ச்சிட்டு இப்ப ஒத்தடமா?"

அவள் திரும்பக்கூட இல்லை. "ஆமா. பேக்கிங்க வுட்டுட்டு பூன அட்ச்சிகினு கீறேன். இப்டி வந்து தலைய புடிண்ணா."

பலராமன் பிடித்தார். அவர் கைக்குள் ஓ.டி. அடுப்புக்கல் மாதிரி கொதித்தது.

"உள்ள சீழ் கட்டிகினு கீது. மேல பொறுக்கு மூடிச்சி. டாக்டர்தான் கீறணும். வுட்டா செத்துடும்."

"யாரு, அந்தக் காருக்காரனா?"

"மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்."

"இது மாடா?"

"எங்க வூட்டுக் கோழியக்கூட பாத்தாங்க. கோழி மாடா? காசு வாங்கல."

பலராமனை மிகவும் பயமுறுத்தியது அந்தக் கடைசி வார்த்தைதான். "சும்மா இன்னாத்துக்கு செய்றான்?"

"கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது."

"எனக்குந்தான் கம்பெனி சம்பளம் குடுக்குது. நான் யாருக்குனா சும்மா எதுனா செஞ்சனா?"

"அதத்தான் கம்பெனியும் கேக்குது" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "மத்தியானத்தோட ஆஸ்பத்திரி மூடிடுவாங்க. அரை நாள் லீவு சொல்லிட்டு இப்பவே போறேன். கேட்ல பையத் தொறந்துடாத. தாவி ஓடிச்சின்னா அப்பறம் யார் கைக்கும் ஆப்டாது."

கொஞ்ச நேரத்தில் பெரிய காக்கிப் பையோடு கேட்டுக்கு வந்தாள். பையின் வாயைத் துண்டு போட்டு மூடியிருந்தாள். போதாத காலம், நடேசன் லாரிக்காரனோடு பேசிக்கொண்டு கேட்டிலேயே நின்றார். பலராமன் வழக்கம்போலப் பையின் அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. ஒரு சின்ன முனகல் வந்தது. ஆனால் முனகலுக்குக் கீழே, பையின் அடியில், விறைப்பாக ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

பூனை விறைப்பாக இருக்காது.

அவர் மதிவதனியின் முகத்தைப் பார்த்தார். பித்தளை டிரம் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்? பூனையை மேலே வைத்து அடியில் என்ன வைத்தாள்? திறந்தால் ஓ.டி. போச்சு. திறக்காவிட்டால் வேலை போச்சு.

"இன்னாய்யா, பைய பாத்தியா?" என்றார் நடேசன்.

"பாத்துட்டேன் சார்."

அந்தக் கேட்டில் பலராமன் சொன்ன முதல் பொய் அது. அவருடைய குரல் அவருக்கே யாரோ அசலூர்க்காரன் குரல் மாதிரி கேட்டது.

அன்று மாலை வரைக்கும் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பித்தளையை விற்றிருப்பாள். பூனையை ஏரிக்கரையில் வீசியிருப்பாள். ஜீவானந்தமும் அவளும் கூட்டு. ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்து வடக்குப்பட்டுக்கு மிதித்தார்.

மதிவதனி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாக்கின்மேல் ஓ.டி. படுத்திருந்தது. தொடையில் மயிரை மழித்து, ஊதா மருந்து தடவி, கீறின இடத்தைச் சீழ் வடியட்டும் என்று திறந்தே விட்டிருந்தார்கள். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு அட்டை. அட்டையில் கம்பெனி குழாயின் படம்.

பலராமனுக்கு விரலில் தட்டுப்பட்டது விளங்கியது.

"பைக்கு அடியில வெச்சது இதானா?"

"பை தொங்கிச்சின்னா அதுக்கு வலிக்குமே. டாக்டரு நக்காம பாத்துக்கன்னாரு. அப்பறம் அதையே வெட்டி மாட்டினேன்."

"கம்பெனி அட்ட."

"கம்பெனிப் பூன."

பலராமன் சாக்கு ஓரத்தில் குந்தினார். "யாரு அட்ச்சதாம்?"

"அடியே இல்ல. பல்லு. வேற பூன கட்ச்சிருக்கு. நாள் கடத்தினதாலதான் இம்மாஞ் சீழுன்னாரு. காய்ச்சல் மாத்திர எதுனா குடுத்தியான்னு கேட்டாரு. அது பூனைக்கு வெசமாம்."

பலராமன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை அங்கேயே இருந்தது. சந்தேகத்தால் ஒரு பக்கம் காப்பாற்றியிருக்கிறார், இன்னொரு பக்கம் கொல்லப் பார்த்திருக்கிறார். எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வருத்தப்படுவது என்று தெரியாமல் ஓ.டி.யின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தார். அது கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த தடவை ஊசிக்கு அவரே கூடப் போனார். டாக்டர் எப்போது காசு கேட்கப்போகிறார் என்று கடைசி வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்கவில்லை. அது ஏன் என்று பலராமனுக்கு இன்னும் விளங்கவில்லை.

காயம் ஆறத் தொடங்கியதும் மதிவதனி ஓ.டி.யைக் காக்கிப் பையில் கொண்டுவந்தாள். உள்ளே வருகிற பை. உத்தரவு உத்தரவுதான். பலராமன் துண்டை விலக்கினார். அட்டைக் கழுத்தோடு தலை வெளியே வந்தது. காலைத் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார். பின்னால் வரிசை ரோடு வரைக்கும் நீண்டது.

"சோத்தக் கௌர்ற மாரி அதையும் கௌறிப் பாருண்ணா" என்றான் ஜீவானந்தம்.

பலராமன் காதில் வாங்கவில்லை. "கம்பெனி அட்ட வந்து சேந்துச்சி. போம்மே" என்றார்.

அன்று சாயங்காலம் காம்பவுண்ட் சுவர்மேல் ஒரு கடுவன் பூனை நடந்துபோனது. ரைஸ் மில் பக்கத்துப் பூனை. பலராமன் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"ஏய், நில்லு. அன்னிக்கு நீ எங்க இருந்த?"