மாப்பிள்ளை காருக்குத் தொண்ணூற்றிரண்டு

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களின் காருக்குச் சித்தப்பா தப்பான பெட்ரோலை அடித்துவிட்டார். பெட்ரோலில் சரியானது, தப்பானது என்று இரண்டு ஜாதி உண்டென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்போது ஆண்டு ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

மஹய்யாவையில் எங்கள் வீடு. அப்பா போனபிறகு அவருடைய தம்பிதான் ஆட்டோ ஓட்டி, அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேரையும் பார்த்துக்கொண்டார். அக்காவை நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவருக்கு ஓயாத கவலை. நுவரெலியாவில் மரக்கறிக் கடை வைத்திருந்த குடும்பம் வருகிறது என்றதும் மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுசாக ஒரு வெள்ளைச் சட்டை வேறு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எங்கள் சந்தில் அந்தக் கார் நின்றால் சைக்கிள்கூடப் போக முடியாது. "சாவியக் கொடுங்க தம்பி, நான் மேல ரோட்டுல விட்டுட்டு வர்றேன்" என்று சித்தப்பா மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன். உட்கார்ந்ததும் பெட்ரோல் முள் அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

"நம்ம வீட்டுக்கு வந்தவங்கள வெறும் டேங்கோடயா அனுப்புறது?" என்று வண்டியை நேரே பெட்ரோல் செட்டுக்கு விட்டார்.

அங்கிருந்த பையன், சாதா பெட்ரோல் தொண்ணூற்றிரண்டா, விலை கூடிய தொண்ணூற்றைந்தா என்று சிங்களத்தில் கேட்டான். ஆட்டோவுக்கு அடித்துப் பழகிய வாய், தொண்ணூற்றிரண்டு என்றது. டேங்க் மூடியின் உள்பக்கம் ஜப்பான் எழுத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. ஜப்பான்காரன் என்ன சொல்கிறான் என்று பாவம், சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்து, கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த சபையில் பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது.

"எது அடிச்சீங்க?"

சித்தப்பா சொன்னார்.

"ஐயையோ, எங்க வண்டி தொண்ணூத்தஞ்சுதானே குடிக்கும்! இன்ஜின் போயிருமே!" என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தவணைப் பரீட்சையில்தான் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தேன், அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அந்த நம்பருக்கு இன்ஜின் போகுமா?

"எடுத்திருங்க" என்றார் மாப்பிள்ளை, வேறு யாரையோ பார்த்துக்கொண்டு.

சித்தப்பா காரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, ஆட்டோவிலிருந்து ரப்பர் குழாயை எடுத்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு முனையை டேங்குக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். பெட்ரோல் வாய்க்குள் வந்துவிட்டது. துப்பினார், இருமினார், மறுபடி உறிஞ்சினார். புதுச் சட்டை முழுக்கக் கறை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை போனைப் பார்த்தபடி, "அடிவரைக்கும் எடுங்க" என்றார். எனக்கோ நல்ல வேடிக்கை. பெட்ரோல் விழுகிற கேனைப் பிடித்துக்கொண்டே ஜன்னலில் நின்ற அக்காவுக்குக் கை காட்டினேன். அவள் திருப்பிக் காட்டவில்லை.

இன்று நானும் கார் ஓட்டுகிறேன். அப்படிப்பட்ட காருக்கு ஒரு தடவை தொண்ணூற்றிரண்டு அடித்தால் இழுவை கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் டொக் டொக்கென்று தட்டினாலும் தட்டும், அவ்வளவுதான். அதற்கா ஒரு மனிதரை அப்படி முட்டிபோட வைத்தார்கள்?

அந்த வாரமே அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம், நாள் பார்க்கலாமாம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். அக்கா, "எனக்கு வேணாம்" என்றாள்.

வீடு ரெண்டுபட்டது. அம்மா திட்டினாள், அழுதாள். சித்தப்பாவே வந்து, "என்னால உன் வாழ்க்க கெட்டுறக் கூடாதும்மா" என்று கெஞ்சினார். அக்கா அசையவில்லை.

ராத்திரி பக்கத்தில் படுத்தபோது என் பங்குக்கு நானும் எடுத்துச் சொன்னேன். "அந்த பெட்ரோலத்தான் எடுத்தாச்சேக்கா. காருக்கு ஒண்ணுமே ஆகலயாம். அப்புறம் என்ன?"

அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "அன்னிக்கு சித்தப்பா சாப்பிட்டாராடி?" என்று கேட்டாள்.

"இல்ல. வாயெல்லாம் பெட்ரோல் நாத்தம்னு சோத்த அப்படியே வச்சிட்டாரு."

அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் இவள் எதற்குச் சித்தப்பாவின் சோற்றைப் பற்றிப் பேசுகிறாள் என்று குழம்பிக்கொண்டே தூங்கிப்போனேன்.