தள்ளிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

நாற்பத்திரண்டு வயதில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கடைத்தெருவிலிருந்து தோட்டம் வரை தள்ளிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, திருஷ்டி கழித்து, ஹேண்டிலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது: நான் அதில் ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

அந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு வாசிகசாலைக்காக. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஒரு றப்பர் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கந்தோரும் என் வீடும் மலையின் மேல் டிவிசனில். கீழ் டிவிசனில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற அறை அது; புதுக் கட்டடம் வந்ததும் உர மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டது. என் நச்சரிப்புத் தாங்காமல் தோட்டத்தை நடத்தும் துரை அதை வாசிகசாலை நடத்தக் கொடுத்தார். ஓர் அலுமாரி நிறையப் புத்தகம், இரண்டு பெஞ்சு, அன்றன்றைய பத்திரிகை. அலுமாரி மட்டும் கந்தோர் சொத்து. ஆகவே சாவி கந்தோர் ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்றார்.

அங்கேதான் சிக்கல். கந்தோர் மூட மணி ஐந்து. நான் நடந்து கீழே இறங்க ஒரு மணி நேரம். நான் போய்ச் சேரும்போது பெண்கள் அடுப்பு மூட்டப் போயிருப்பார்கள், ஆண்கள் வயிற்றில் வேறொன்றை மூட்டப் போயிருப்பார்கள். பூட்டைத் திறந்து, தமிழின் சிறந்த நூல்கள் சிலவற்றை நானே எனக்கு இரவல் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு மலையேறுவேன். விஷயம் துரையின் காதுக்குப் போனது. "கிளாக்கர், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு நா வந்து பாக்கிறது. ஆள் இல்லேன்னா ஒரம் திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டார். நடந்தால் முடியாது. உருண்டால் முடியும். புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டவன் பழையது ஒன்றைத் தேடித் தெஹியோவிட்ட டவுனுக்குப் போனேன். துணைக்கு மனைவியின் தம்பி. தோட்டத்தில் யாரும் எந்தப் பொருளையும் தனியாகப் போய் வாங்குவதில்லை. குறை சொல்ல ஓர் ஆள் கூட வேண்டும்.

சைக்கிள் வாங்குவது பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஒரு பழைய சஞ்சிகையில் படித்திருந்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உந்திப் பார்க்க வேண்டும், பெயின்டின் பளபளப்பில் மயங்கக் கூடாது. தெரியாதது ஒன்றுதான்: ஓட்டத் தெரியாது. அது கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன்.

கடை முதலாளி கறுப்பு நிறத்தில், உயரமாக, கம்பீரமாக ஒன்றை எடுத்து நிறுத்தினார். "நெகலா பலன்ன மாத்தயா" என்றார் சிங்களத்தில். ஏறிப் பாருங்கள் என்கிறார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் என்னையே பார்ப்பது போலிருந்தது. மைத்துனன்தான் காப்பாற்றினான்.

"இஸ்ஸெல்லா தல்லு கரலா பலமு" என்றான் அவரிடம். என் பக்கம் திரும்பி, "மொதல்ல தள்ளிப் பாப்போம் மச்சான். தள்ளுனாத்தான் சைக்கிளோட கொணம் தெரியும்" என்றான்.

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் மலையில் இது அனுபவ ஞானம். அங்கே சைக்கிள் ஒரு பொதிமாடு. விறகுக் கட்டு, அரிசி மூட்டை, றப்பர் பால் வாளி எல்லாம் அதன் மேல் போகும். மனிதன் பக்கத்தில் நடந்து வருவான். சீட் என்பது மூட்டை சாய்ந்துகொள்வதற்காகக் கம்பெனிக்காரன் யோசித்து வைத்த வசதி. ஆகவே பக்கத்துக் கடையில் ஓர் அரிசி மூட்டையைக் கேட்டு வாங்கிக் கேரியரில் ஏற்றினோம். மைத்துனன் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் கை கொடுக்க, கடைத்தெருவின் மேட்டில் தள்ளிக்கொண்டு போனோம். சைக்கிள் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. "யானை மச்சான், யானை!" என்றான். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வியாபாரி என்பதால் விட்டுவிட்டார்.

அந்த யானைதான் என் வாசலில் குங்குமத்தோடு நின்றது. மனைவி, "ஒக்காந்து காட்டுங்க" என்றாள். மைத்துனன் பிடித்துக்கொள்ள, படிக்கல்லில் கால் வைத்து ஏறினேன். இரண்டு கால்களும் தரைக்கு மேலே, உலர்த்தப் போட்ட சாறம் மாதிரி தொங்கின. சீட்டை அதற்கு மேல் இறக்க வழியில்லை.

"ஏணியும் சேத்து வாங்கியிருக்கலாமே?" என்றாள் மனைவி.

"நல்லாத் தள்ளலாம்க்கா" என்றான் மைத்துனன், சற்றே மனம் புண்பட்டு.

மறுவாரம் திரும்பக் கொண்டுபோனோம். முதலாளி யானையைத் தாமே வாங்கி உள்ளே நிறுத்தினார். நாங்கள் வருவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூலையில் முதல் நாளே என் கண்ணில் பட்டு, நான் கண்ணை எடுத்துக்கொண்ட ஒன்று நின்றது. குங்கும நிறம், நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை. கீழ் டிவிசன் பக்கம் பிரசவம் பார்க்க வரும் மிட்வைஃப் நோனா பல வருடம் ஓட்டியதாம்; ஸ்கூட்டர் கிடைத்ததும் விற்றுவிட்டாராம். என் மீசைக்கும் அதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. ஆனால் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. என் தையற்காரர் உட்பட யாரும் என்னை அவ்வளவு சரியாக அளந்ததில்லை. ரிம் ஆடவில்லை. பிரேக் பிடித்தது. பெல்லை அடித்துப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீர் என்றது. மைத்துனன் மட்டும் யானையைத் தடவியபடி நின்றான். "என்னமா தள்ளுன சைக்கிள்" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினான். குங்குமச் சைக்கிள் பஸ்ஸின் கூரைமேல் எங்களோடு வந்தது.

காலையில் வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில்தான் பழகினேன். சாயந்தரமானால் அது காலியாக இருக்கும் என்று நம்பினேன். நான் பழக ஆரம்பித்த பிறகு காலியாக இருந்ததே இல்லை. முதலில் பெடலைத் தொடாமல், சீட்டில் உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தி உந்திப் போனேன்.

"கிளாக்கரய்யா, நடக்கிறதுக்கு எதுக்குங்க சைக்கிளு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சும்மா இருடி, மிட்வைஃப் நோனா பிரசவத்துக்குப் போறாங்க" என்றாள் இன்னொருத்தி.

விழுந்தேன். எழுந்தேன். அது றப்பர் விதை வெடிக்கும் காலம். மரத்தில் பட்பட்டென்று வெடித்துத் தெருவெல்லாம் வழவழவென்று விதை உருண்டு கிடக்கும். சக்கரம் அதில் ஏறினால், நாம் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் போக வேண்டியதுதான். சஞ்சிகையில் இது இல்லை. ஆனால் ஒரு சாயந்தரம் தரையை உந்தி, காலைத் தூக்கி, பெடலில் வைத்தேன், சைக்கிள் விழவில்லை. களத்தின் மறுகோடி வரை போனேன். பெண்கள் கூச்சல் போட்டார்கள். பாராட்டா பரிகாசமா என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வயதில் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அதுவரை அது மறக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கந்தோர் மூடியதும் புறப்பட்டேன். அன்று மத்தியானம் மைத்துனன் மேலிருந்து பாதிவழி வரை விளக்குமாறு எடுத்துப்போய்த் திருப்பங்களில் விதையைக் கூட்டிவிட்டு வந்திருந்தான். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் விடாமல் மணியடித்தபடி இறங்கினேன். தெருவில் ஆள் இல்லை. மணி என் சொந்தப் பயத்துக்கு.

அந்த மணியைத்தான் கீழ் டிவிசன் பல வருடமாகக் கேட்டுப் பழகியிருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் அது கேட்டதும், ஸ்கூட்டரை மறந்து, யாருக்கோ வலி எடுத்துவிட்டது, நோனா ஓடி வருகிறார் என்று வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் தகவல் பரவிவிட்டது. நான் கடைசித் திருப்பம் திரும்பியபோது, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் என்று, தெரு வந்து சேரும் வாசிகசாலை வாசலில் ஊரே நின்றது.

"நோனா எங்கங்கய்யா?"

"நோனா வரல. நான்தான்."

"அப்ப யாருக்குங்க வலி?"

"எனக்குத்தான்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அதே சமயம் மழை கொட்டியது. அந்தப் பக்கத்து மழை, தூறிப் பழக்கமில்லாதது. எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். வேறு வழியில்லாமல் பத்திரிகையை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினேன். துரையின் ஜீப் வந்து நின்றபோது, பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் ஆள், ஜன்னலிலும் ஆள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளோ ஆள் படிக்குதா கிளாக்கர்?"

நான் பொய் சொல்லவில்லை. வாசிப்பை நிறுத்தாமல் தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினேன்.

உரம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. மழைக்கு ஒதுங்கியவர்களில் சிலர் திங்கட்கிழமையும் வந்தார்கள். போன தடவை பாதியில் விட்ட கொலை வழக்குச் செய்தி என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமாம். அதற்குப் பிறகு மணிச்சத்தம் கேட்டால் வாசிகசாலை திறக்கிறது என்று அர்த்தமாயிற்று.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, நனைந்த சைக்கிளை மலை மேலே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தேன். தள்ளுவதற்கும் அது மோசமில்லை என்று மைத்துனனிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு துவாயால் தலையைத் துடைத்தபடி, மேலேயிருந்து கீழே வரை ஒரு தடவைகூடக் காலைத் தரையில் வைக்காமல் ஓட்டினேன் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டாவது தடவையாகவும் சொன்னேன்.

அவள் தேத்தண்ணியை நீட்டினாள்.

"அந்த ரோட்டுல தண்ணிகூடத்தான் தானா எறங்கிப் போகுது" என்றாள்.