இடது கை, வெள்ளிக்கிழமை, பத்து மணி

என் கணவர் சேவியரின் வலது நுரையீரலில் இருந்தது புற்றுநோய்தான் என்று முடிவாகிவிட்டது. சிடி ஸ்கேனில் அது கடலையளவு. பரவாவிட்டால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். பரவியிருக்கிறதா என்று அறிய, செவ்வாய்க்கிழமை பெட் ஸ்கேன் எடுத்தோம்.

வியாழன் மாலை 4.20க்குப் படத்தைக் காட்டினார். நோய் உள்ள இடம் அதில் மினுங்குமாம். நுரையீரலில் ஒரு வெளிச்சம். இடது அக்குளிலும் ஒன்று.

“அங்கயும் போயிருந்தா ஒப்பரேஷன் சரிவராது, அம்மா.”

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாக நாட்குறிப்புக் கொப்பியில் ஒரு வரியும் எழுத முடியவில்லை. தொலைந்ததை அந்தோனியாரிடம் கேட்பது நம் வழக்கம் அல்லவா? முழந்தாளில் நின்று அழுதேன். “புனிதரே, இவர் என் கையைவிட்டுப் போகிறார். ஆண்டவரிடம் கேட்டுத் தாரும்.”

எழுந்து, வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பின்னுக்குப் புரட்டினேன். ஸ்கேனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை: “சேவியருக்கு வேலைத்தலத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி. இடது கை, பத்து மணி. நோவில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தார்.”

ஸ்கேன் எடுக்குமுன் தடுப்பூசி ஏதும் போட்டீர்களா என்று அங்கே கேட்டபோது, இவர் “இல்லை” என்றது நினைவுக்கு வந்தது.

“ஏனப்பா சொல்லேல்லை?”

“அது கொம்பனி எல்லாருக்கும் போட்டது. என்ர நெஞ்சு வருத்தத்துக்குப் போட்டதில்லையே!”

மறுநாள் காலை இவரையும் கூட்டிக்கொண்டு, நாட்குறிப்போடு டொக்டர் முன் நின்றேன். இரண்டு தரம் வாசித்தார்.

“தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள் நெறிக்கட்டியும் ஸ்கேனில இப்பிடி மினுங்கும். ஐயா, இதைக் கொப்பிக்குச் சொன்னீங்கள், எனக்குச் சொல்லேல்லையே!”

அக்குள் நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. நோய் முதலாம் கட்டம்தான். சத்திரசிகிச்சை செய்து கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

நான் அற்புதம் கேட்டேன். ஆண்டவர் என் சொந்தக் கையெழுத்திலேயே பதில் வைத்திருந்தார். இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். கலங்கி நிற்கும் சகோதரரே, நம்பி மன்றாடுங்கள். பிறகு எழுந்து, கையில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். டொக்டரிடம் ஒன்றும் ஒளிக்காதீர்கள்.

“நான் இருமினதையும் எழுதிறியோ?” என்று முன்பு பகிடி பண்ணிய மனிதர், நேற்றுக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து நடந்தே வந்து, நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நின்றார்.

“றீட்டா, மூச்சு வாங்க ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. நேரத்தையும் போட்டு எழுது!”

காலை 8.35. எழுதிவிட்டேன்.